வேகக் கழகமும் என் மோரிஸ் காரும்

ஒருவர் உங்களிடம் வந்து, ‘உங்கள் சொந்தக் காரை நீங்களே ஓட்டலாம், அதற்கு நாங்கள் அனுமதி தருகிறோம்’ என்று சொன்னால், தயவுசெய்து வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். நான் சாத்திக்கொள்ளவில்லை. அதனால்தான் இவ்வளவும் எழுத வேண்டியிருக்கிறது.

அப்போது மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்து இரண்டு வருஷம். நான் மலாக்கா டவுனில் ஒரு ரப்பர் கிடங்கில் ஸ்டோர் கிராணி, அதாவது குமாஸ்தா. வீடு காஜா பேராங்கில். உள்ளே வரும் மூட்டையையும் வெளியே போகும் மூட்டையையும் சரிபார்ப்பது என் வேலை. பதினாலு வருஷம் அதைச் செய்ததில், யார் எதைச் சொன்னாலும் ‘இந்த ஆளுக்கு இதில் என்ன ஆதாயம்?’ என்று கேட்கிற புத்தி வந்துவிட்டது. காலையில் யாராவது சிரித்துக்கொண்டே ‘பசியாறியாச்சா?’ என்று கேட்டால்கூட, எதற்குக் கேட்கிறான் என்று இரண்டு தெரு தள்ளி யோசிப்பேன்.

என்னிடம் ஒரு மோரிஸ் கார் இருந்தது. சீமைக்குத் திரும்பிய துரை ஒருவரிடம் வாங்கியது. எங்கள் தெருவில் சொந்தக் கார் அது ஒன்றுதான். முப்பத்தைந்து மைல் வேகத்துக்கு மேல் அதை நான் ஓட்டியதில்லை. எங்கே நிறுத்தினாலும் பானெட்டைத் திறந்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் ரோட்டரை எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன். கட்டை விரல் அளவுக் கறுப்புத் துண்டு அது. அது இல்லாவிட்டால் எந்தக் கொம்பன் வந்தாலும் எஞ்சினுக்கு உயிர் கொடுக்க முடியாது. காட்டுக்குள்ளிருந்து கம்யூனிஸ்டுகள் சுட்டுக்கொண்டிருந்த அவசரகாலத்தில் தோட்டத்துத் துரைக்கு டிரைவராக இருந்த மருதமுத்து கற்றுக்கொடுத்த வித்தை. அவசரகாலம் தேய்ந்துகொண்டு வந்தது. என் பழக்கம் மட்டும் தேயவில்லை.

அந்த மாதம் என் தங்கை சீதாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வியாழக்கிழமை முகூர்த்தம். புக்கிட் காதில் என்ற ஊர்ப் பக்கத்து மாப்பிள்ளை. சம்பந்தி பொன்னுதுரை நகை கேட்கவில்லை, சீர் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“என் மவன் சொந்தக் காடியில வந்து எறங்கணும், மாப்ளே. பொண்ணு வீட்டுச் சொந்தக் காடி. டாக்சி ஆகாது. என் அண்ணன் மவன் டாக்சியிலதான் கல்யாணத்துக்கு வந்தான். வர்ற வழியில டாக்சிக்காரன் ரெண்டு மீன்கூடைய ஏத்திக்கிட்டான். ஊரே மூக்கப் பொத்திக்கிட்டு அட்சத போட்டுச்சு. இன்னிக்கி வரைக்கும் அவனுக்கு மீன் மாப்ளேன்னுதான் பேரு.”

நான் கையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்தேன். மோரிஸ் இருக்கும்போது எனக்கென்ன பயம்?

அதற்கு மறுவாரம் எங்கள் பெரிய கிராணி ராஜரத்தினம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, உட்காரச் சொன்னார். பதினாலு வருஷத்தில் அவர் என்னை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

“மிஸ்டர் கலியாணசுந்தரம், உங்ககிட்ட கார் இருக்குல்ல?”

“இருக்கு சார்.”

“நல்லது. மலாக்கா சொந்த வாகன வேகப் பயிற்சிக் கழகம்னு ஒண்ணு இருக்கு. கேள்விப்பட்டிருப்பீங்க. நான்தான் கௌரவச் செயலாளர். துரைமாரு நடத்தின கழகம். மெர்டேக்காவுக்கு அப்புறம் நம்ம கைக்கு வந்திருக்கு. வர்ற ஞாயித்துக்கிழமை பத்து பெரெண்டாம் ஊருக்கு அந்தாண்ட பட்டாளம் விட்டுட்டுப் போன தார்த்தடத்துல தட நாள் நடத்துறோம். அவங்கவங்க சொந்தக் கார அவங்கவங்களே எவ்வளவு வேகமா வேணாலும் ஓட்டிப் பாக்கலாம். எதிர்ல மாட்டுவண்டி வராது, போலீஸ் வராது. காரோட உண்மையான குணம் அன்னிக்குத்தான் தெரியும்.”

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடைசி வார்த்தையில் எனக்கு ஆசை வந்துவிட்டது. மீட்டரில் அறுபது, எழுபது என்றெல்லாம் எண்கள் போட்டிருக்கின்றன. அந்தப் பக்கம் முள் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. அறுபதில் இந்த வண்டி என்ன சத்தம் போடும் என்று கிடங்கில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து பலமுறை யோசித்திருக்கிறேன். ஆனாலும் ஆசை ஒரு பக்கம், சந்தேகம் ஒரு பக்கம்.

“நீங்க எந்தக் கார் சார் ஓட்டப்போறீங்க?” என்று கேட்டேன்.

“நானா?” அவர் புண்பட்டவராகப் பார்த்தார். “எங்கிட்ட ஏது கார்? நிர்வாகக் குழுவுல யாருகிட்டயும் கார் கிடையாது. கார் இருந்தா அத ஓட்டத்தான் தோணும். அப்புறம் யாரு நிர்வாகம் பண்றது?”

“வியாழக்கிழமை தங்கச்சிக்குக் கல்யாணம் சார். மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தக் கார்தான். அடுத்த தடவை வரேனே.”

ராஜரத்தினம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “மூவார் கிடங்குல ஒரு கிராணி இடம் காலியா இருக்கு. அங்க யார அனுப்புறதுன்னு ரெண்டு நாளா யோசிச்சிக்கிட்டிருக்கேன்” என்று ஜன்னலிடம் சொன்னார்.

அவர் நீட்டிய விண்ணப்பப் பாரத்தை வாங்கிக்கொண்டேன்.

அதில் இருபத்திரண்டு கேள்விகள். வாகனத்துக்கு இதற்கு முன் விபத்து நேர்ந்ததுண்டா? உரிமையாளருக்கு நேர்ந்ததுண்டா? உரிமையாளரின் மனைவிக்கு இதில் சம்மதமா? சம்மதம் இல்லையெனில் காரணத்தைத் தனித்தாளில் எழுதுக. கடைசியில் ஓர் உறுதிமொழி. வாகனம் சேதமானால் கழகம் பொறுப்பல்ல. நான் சேதமானால் கழகம் பொறுப்பல்ல. என்னால் கழகம் சேதமானால் நான் பொறுப்பு. யாருக்கும் எதுவும் ஆகாவிட்டால் அந்தப் பெருமை கழகத்தைச் சேரும்.

இன்சூரன்ஸ் ஏஜெண்டைப் பிடித்துக் கேட்டேன். “ரோட்டுல தெரியாம இடிச்சா குடுப்போம் கிராணி. ஆளில்லாத எடத்துல வேணும்னே வேகமாப் போயி இடிச்சா அது ஒங்க ஆச. ஆசைக்கெல்லாம் இன்சூரன்ஸ் இல்ல” என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டான். இந்தப் பூராக் கதையிலும் எனக்கு நேரான பதில் சொன்னவன் அவன் ஒருவன்தான்.

என் மனைவி தனலட்சுமி பாரத்தை எட்டாம் கேள்வி வரைக்கும் படித்தாள். “ஒங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? வியாழக்கெழம மாப்பிள்ள எதுல வருவாரு? ஒங்க முதுகுலயா?” என்றாள்.

“ஒரு கீறல் விழாமக் கொண்டாந்திருவேன் தனம்.”

“கீறலுக்கா நான் பயப்படுறேன்? கார் வச்சிருக்காத நாலு பேரு சேந்து ஒங்க காருக்குக் கழகம் நடத்துறானுங்க. அதுக்குத்தான் பயப்படுறேன்.”

அவள் சொன்னது எனக்கும் உறைத்தது. விதிப்படி சனிக்கிழமை மாலையே காரைத் தடத்தில் கொண்டுபோய் நிறுத்தி, சாவியைச் செயலாளரிடம் ஒப்படைக்க வேண்டும். எதற்கு? ‘வாகனம் இடத்துக்குப் பழக வேண்டும்’ என்று காரணம் எழுதியிருந்தது. இது என்ன கன்றுக்குட்டியா, புதுத் தொழுவத்துக்குப் பழகுவதற்கு? ராத்திரியோடு ராத்திரியாக என் டயரைக் கழற்றி எவன் வண்டியில் மாட்டப்போகிறார்கள்? சாவியைக் கொடுத்தேன். என்னிடம் இரண்டாவது சாவி எப்போதும் உண்டு. நான்கு டயரின் உள்பக்கத்திலும் சுண்ணாம்பால் என் இனிஷியலை எழுதினேன். ஸ்பேர் டயரிலும் எழுதினேன். யாரும் பார்க்காத நேரத்தில் ரோட்டரைக் கழற்றிக்கொண்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்து தனலட்சுமியிடம் கொடுத்தேன். அவள் சிரித்துக்கொண்டே அதை வாங்கி அடுப்படிக்குப் போனாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். மனைவியைச் சந்தேகப்படும் அளவுக்கு நான் கெட்டவனாக இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் பஸ்ஸில் போய் இறங்கினோம். தடத்தின் ஓரத்தில் அத்தாப்பு ஓலைக் கூரை போட்டு ஒரு கொட்டகை. அதில் நாற்காலிகள் பதினாறு. தடத்தில் கார்கள் நான்கு. எங்கள் பக்கத்துக் கம்போங் செட்டிக் குடியிருப்பில் இருக்கும் செட்டித் தம்பியின் ஆஸ்டின், சீன முதலாளி தவுக்கே ஆ லெங்கின் பெரிய சிவப்புக் கார், ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் பழைய வண்டி, அப்புறம் என் மோரிஸ். டயர்களைக் குனிந்து பார்த்தேன். சுண்ணாம்பு அப்படியே இருந்தது. எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

முதலில் பரிசோதனை. பரிசோதகர் நல்லையா தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரசராக இருந்து ஓய்வு பெற்றவர். எஞ்சினைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று கேட்டேன். “நாப்பது வருஷமா நெஞ்ச வச்சுப் பாத்தவன்யா நான். இதுவும் அதுவும் ஒண்ணுதான்” என்று கழுத்திலிருந்த ஸ்டெதஸ்கோப்பை எடுத்து, மூடிய பானெட்டின் மேல் வைத்தார். எஞ்சின் ஓடாமலிருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் கேட்டார்.

“ஒரு இரைச்சல் இல்ல. ஒரு கரகரப்பு இல்ல. இவ்வளவு அமைதியான வண்டிய நான் பாத்ததில்ல” என்று முழு மதிப்பெண் போட்டார். செட்டித் தம்பி எஞ்சினை ஓடவிட்டிருந்தார். அவருடைய ஆஸ்டினுக்குப் படபடப்பு இருப்பதாக நல்லையா எழுதி, நிழலில் நிறுத்தச் சொன்னார்.

பிறகு பேச்சு. கழகத் தலைவர் சேதுராமன் எழுந்து நின்றார். இவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மலாக்காவுக்கு ஒரு காலத்தில் ரயில் வந்துகொண்டிருந்தது. இவர் அந்தப் பாதையில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தார். யுத்தத்தின்போது ஜப்பான்காரன் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு சயாமுக்குப் போய்விட்டான். ஸ்டேஷன் மாஸ்டர் மட்டும் மலாக்காவில் மிச்சமானார். துரைமார் போகும்போது கழகத்தின் விதிப்புத்தகத்தையும் கையோடு கொண்டுபோய்விட்டார்கள். புதிய விதிகளை எழுதும் பொறுப்பு இவருக்கு வந்தது. மனிதர் தனக்குத் தெரிந்ததை எழுதிவிட்டார்.

“பெரியோர்களே!” என்றார், வெள்ளைக் கோட்டின் பித்தளைப் பொத்தான்களைத் தடவிக்கொண்டு. “வேகம் என்பது ஆபத்து. ஆகவே வேகத்துக்கென்று ஒரு கழகம் தேவை. மற்ற ஊர்க் கழகங்களில் கார்கள் ஒன்றையொன்று முந்துகின்றன. மோதுகின்றன. கழகம் நம் கைக்கு வந்த இரண்டு வருஷத்தில் ஒரு விபத்துகூட நடந்ததில்லை. காரணம், இதுவரை ஒரு ஓட்டம்கூட நடக்காதபடி நாம் பார்த்துக்கொண்டோம்!”

பதினாறு நாற்காலியிலிருந்தும் கைதட்டினார்கள்.

விதி இதுதான். ஒரே பாதையில் எதிரும் புதிருமாக ரயில் வராமலிருக்க டோக்கன் என்று ஒன்று கொடுப்பார்களே, அதைப் போல இங்கேயும் ஒரு டோக்கன். பித்தளைத் தகடு. அதை மாட்டிப் பிடிக்கப் பெரிய பிரம்பு வளையம். தலைவர் மணி அடித்து, ‘லைன் கிளியர்’ சொல்லி, டோக்கனைக் கையில் கொடுத்துப் பச்சைக்கொடி காட்டினால்தான் கார் புறப்படலாம். போன கார் டோக்கனோடு திரும்பி வந்து ஒப்படைத்தால்தான் அடுத்த கார். டோக்கன் ஒன்றே ஒன்றுதான்.

முதல் முறை செட்டித் தம்பிக்கு. பாவம், மலாக்காச் செட்டிகள் வீட்டில் பேசுவது மலாய், அவருக்குத் தமிழ் அவ்வளவாகத் தெரியாது. பச்சைக்கொடி அசைந்ததைப் பார்த்துவிட்டு அழகாகக் காரை எடுத்துவிட்டார். பத்து கஜம் போவதற்குள் எல்லாரும் கத்தினார்கள். மணி அடிக்கும் முன் நகர்ந்தது குற்றம். கொடி அசைந்தது காற்றினாலாம்.

“மானா போலே!” என்று தம்பி கையை விரித்துக்கொண்டு என்னிடம் வந்து முறையிட்டார். இது எப்படிய்யா நியாயம் என்று நானும்தான் யாரிடம் கேட்பது?

இரண்டாவது தவுக்கே ஆ லெங். மணி அடித்தது. டோக்கன் கைக்கு வந்தது. மனிதர் ஒரு மிதி மிதித்தார் பாருங்கள்! சிவப்புக் கார் சீறிக்கொண்டு தடத்தின் அந்தக் கோடி வரை போயிற்று. நான் என்னை மறந்து எழுந்து நின்றுவிட்டேன். மயிர்க்கூச்செறிந்தது. அறுபதுக்குக் குறையாது. ‘நாமும் இப்படிப் போகலாம், நம் வண்டியும் இப்படிப் போகும்’ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆ லெங்கின் கார் அந்தக் கோடியில் நிற்கவில்லை. அங்கே வேலி கிடையாது. ரோட்டில் ஏறியது, இடது பக்கம் திரும்பியது, போயே போய்விட்டது. மணி பன்னிரண்டு. மனிதர் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விட்டார், டோக்கனோடு.

நான் அந்த வேகத்தைப் பார்த்த வேகத்தில் தனலட்சுமியிடம் ஓடினேன். “ரோட்டர எடு, சீக்கிரம்!”

“அய்யோ, அத வீட்டுலயே வச்சிட்டு வந்திட்டேங்க. அரிசி டின்னுக்குள்ள” என்றாள், சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டே.

தலையில் அடித்துக்கொண்டேன். பதினாறு பேருக்கு முன்னால் என் வண்டி உயிரில்லாமல் நின்றால் என்ன கதி? திங்கட்கிழமை மூவார்தான். என் முறை வரக்கூடாது என்று இருந்த சாமியையெல்லாம் வேண்டிக்கொண்டேன்.

சாமி கேட்டது. டோக்கன் வராமல் அடுத்த வண்டி கிடையாது என்று தலைவர் ஒற்றைக்காலில் நின்றார். ஒரு மணி ஆயிற்று, இரண்டு ஆயிற்று, நான்கு மணிக்குத் தேநீர் கொடுத்தார்கள். வாத்தியாரின் வண்டி வெயிலில் நின்று நின்று, தானாகவே கொதித்து, தண்ணீரைக் கக்கிவிட்டது. ‘அனுமதியின்றி ஆவி வெளியேற்றிய குற்றம்’ என்று எழுதி அவரையும் நீக்கினார்கள். ஐந்து மணிக்கு ராஜரத்தினம் ஒலிபெருக்கியைத் தட்டினார்.

“நண்பர்களே! எல்லா விதிகளையும் மதித்து, காலையிலிருந்து இந்த நேரம் வரை ஓர் அங்குலம்கூட நகராமல், ஒரு சத்தம்கூடப் போடாமல் நின்ற ஒரே வாகனம் மிஸ்டர் கலியாணசுந்தரத்தின் மோரிஸ். இந்த ஆண்டின் வேகக் கோப்பை அவருக்கே!”

எனக்கு ஒரு வெள்ளிக் கோப்பை கொடுத்தார்கள். மாலை போட்டார்கள், எனக்கல்ல, காருக்கு. நானும் இளித்துக்கொண்டு நின்றேன். நம்புங்கள், அந்தக் கணம் வரை நான் தப்பித்துவிட்டதாகத்தான் நினைத்தேன். கீறல் இல்லை, டயர் போகவில்லை, மூவாரும் இல்லை. அப்போது ராஜரத்தினம் நாற்பத்தொன்றாம் விதியை வாசித்தார். வெற்றி பெற்ற வாகனம் முப்பது நாள் கழகக் கட்டடத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். அந்த முப்பது நாளும் உரிமையாளர் அதைத் தொடக்கூடாது.

“சார், வியாழக்கிழமை கல்யாணம்” என்றேன்.

“வாழ்த்துகள்” என்றார் ராஜரத்தினம்.

ஆபத்து எந்தப் பக்கமிருந்து வரும் என்று எல்லாப் பக்கமும் பார்த்திருந்தேன். பரிசு வரும் பக்கம் மட்டும் பார்க்கவில்லை. கார் ஓடாததால் ஒரு லோரியில் கயிறு கட்டி இழுத்தார்கள். தலைவர் முன்சீட்டில் உட்கார்ந்து, வழிநெடுகப் பச்சைக்கொடி காட்டிக்கொண்டே வந்தார். காஜா பேராங்கிலேயே, எங்கள் வீட்டுக்கு நான்கு தெரு தள்ளி, கழகக் கட்டடத்தின் போர்ச்சில் நிறுத்திச் சுற்றிக் கயிறு கட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து அரிசி டின்னைக் கவிழ்த்தேன். ரோட்டர் இல்லை. தனலட்சுமி மெதுவாகத் தலைப்பு முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள்.

“அடிப்பாவி! அங்கயே வச்சிருந்தியா?”

“குடுத்திருந்தா நீங்க ஓட்டியிருப்பீங்க. அந்தச் சீனன் போனப்ப ஒங்க மூஞ்சியப் பாத்தேன். வேலியில்லாத எடம். கார ஒடச்சிக்கிட்டு, கையக் கால ஒடச்சிக்கிட்டு வந்து நின்னா, சீதா கல்யாணத்த யாரு நடத்துறது?”

“ஓட்டாததுனாலதாண்டி காரே போச்சு!”

முடிச்சை மறுபடி போட்டுக்கொண்டு, கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

திங்கட்கிழமை மனு எழுதிக் கொடுத்தேன். மனு கொடுக்கும் உரிமை உறுப்பினர்களுக்கு மட்டும் என்றார் ராஜரத்தினம். உறுப்பினராகிறேன் என்றேன். கோப்பை வென்றவர் ஓராண்டுக்கு உறுப்பினராக முடியாது, பாரபட்சம் வந்துவிடும் என்றார். செவ்வாய்க்கிழமை பொதுக்குழுவைக் கூட்டும்படி கேட்டேன். பொதுக்குழு என்றால் பதினெட்டுப் பேரும் வர வேண்டும், அதில் இரண்டு பேர் காலமாகிவிட்டார்கள், அவர்கள் ராஜினாமாக் கடிதம் கொடுக்காததால் இன்னும் உறுப்பினர்கள்தான் என்றார். “விதிய மீறி ஒரு காரியம் செய்யலாம்னு நீங்க நெனச்சா, மூவார் வேலைக்கு நீங்கதான் பொருத்தமான ஆளுன்னு எனக்குத் தோண ஆரம்பிச்சிடும்” என்றும் சொன்னார்.

புதன்கிழமை சாயங்காலம் பொன்னுதுரை வந்தார். உட்காரவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை.

“காடிய எவனோ கயிறு கட்டி வச்சிருக்கானாமே? நான் போயிப் பாத்துட்டுத்தான் வரேன். சின்னப் புள்ளைங்கல்லாம் வரிசையில நின்னு பாக்குது. நல்லதுலா, கண்காட்சி. ஆனா சொல்லிட்டேன் மாப்ளே, நாளைக்கு ஒம்போது மணிக்கு என் மவன் வாசல்ல நிப்பான். சொந்தக் காடி வந்தா ஏறுவான். இல்லன்னா வேட்டிய மாத்திட்டு வேலைக்குப் போயிடுவான்.”

உள்ளறையில் சீதா மருதாணிக் கையோடு உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அழவில்லை, என்னைத் திட்டவில்லை. “மீன்கூடை வந்தாலும் எனக்குப் பரவால்லண்ணே” என்று மட்டும் சொன்னாள். எனக்கு அப்படியே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்குத் தனலட்சுமி பட்டுச்சேலையோடு வந்து என் எதிரில் நின்றாள். “கெளம்புங்க” என்றாள்.

“மூவார் போகணும்னா?”

“மூவார்லயும் அரிசி விக்குது. கெளம்புங்க.”

கழகப் போர்ச்சில் தலைவர் சேதுராமன் தனியாக உட்கார்ந்து காவல் காத்துக்கொண்டிருந்தார். அதே வெள்ளைக் கோட்டு. மேஜையில் மணி, இரண்டு கொடிகள், ஒரு நோட்டுப் புத்தகம். ஆ லெங் திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்த டோக்கன் ஆணியில் தொங்கியது. ஞாயிற்றுக்கிழமை போட்ட பூமாலை காய்ந்து என் மோரிஸின் மூக்கில் தொங்கியது.

நான் கயிற்றைத் தாண்டிப் பானெட்டைத் திறந்தேன். தனலட்சுமி முடிச்சை அவிழ்த்தாள்.

“என்னப்பா செய்யிற?” என்றார் தலைவர்.

“தூசி தட்டுறேன் சார்.”

ரோட்டரைப் பொருத்தினேன், மூடியை மாட்டினேன், இரண்டாவது சாவியைப் போட்டுத் திருப்பினேன். ஒரே திருப்பு. மோரிஸ் உயிரோடு எழுந்தது. தலைவர் துள்ளி எழுந்து சிவப்புக்கொடியை எடுத்துக்கொண்டு காருக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார். வயதான மனிதர், ஆனாலும் பிடித்த கொடி அசையவில்லை. அவர் மேல் ஏற்றிக்கொண்டா போக முடியும்? மணி எட்டு முப்பத்தெட்டு. புக்கிட் காதிலில் மாப்பிள்ளை வாசலில் நிற்பார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எதைச் சொல்வது என்று தெரியாமல் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, வாயில் வந்ததைச் சொன்னேன்.

“சார், எட்டு நாப்பது பாசஞ்சர். புக்கிட் காதில் போகுது. லைன் கிளியர் வேணும்.”

தலைவர் என்னைப் பார்த்தார். எஞ்சினைப் பார்த்தார். கோட்டுப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். பிறகு சிவப்புக்கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மேஜைக்குப் போய், நோட்டில் என்னவோ எழுதினார். மணியை இரண்டு தடவை அடித்தார். டோக்கனை ஆணியிலிருந்து எடுத்து வந்து, முதுகை நிமிர்த்தி நின்று, வளையத்தை என் கையில் மாட்டினார்.

“லைன் கிளியர்” என்றார். “நேரத்தோட போ.”

தனலட்சுமி கயிற்றை அவிழ்த்துவிட்டு ஓடிவந்து ஏறிக்கொண்டாள். பச்சைக்கொடி விரிந்தது. அந்த மனிதர் மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பதினேழு வருஷமாக அவர் ஒரு வண்டியை அனுப்பவில்லை என்பதுதான் நினைவுக்கு வந்தது.

டவுனைத் தாண்டியதும் ரோடு காலியாக இருந்தது. மிதித்தேன். நாற்பது. ஐம்பது. ஸ்டீயரிங் கையில் துடித்தது, கண்ணாடி கடகடவென்றது, வயிற்றுக்குள் ஜில்லென்றது. அறுபதில் என் வண்டி என்ன சத்தம் போடும் என்று தெரிந்துகொண்டேன். சொன்னால் புரியாது, நீங்களே கேட்க வேண்டும். பக்கத்தில் தனலட்சுமி டோக்கன் வளையத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். மெதுவாகப் போகச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

“இன்னும் கொஞ்சம் போகுமாங்க?” என்றாள்.

மாப்பிள்ளை சொந்தக் காடியில் வந்து கோயில் வாசலில் இறங்கினார். பொன்னுதுரை காரைச் சுற்றி வந்து, ஒரு தடவை குனிந்து முகர்ந்தும் பார்த்துவிட்டு, “நல்ல காடி” என்றார். முகூர்த்தம் நேரத்துக்கு நடந்தது. சீதா சிரித்தாள்.

பந்தியில் ராஜரத்தினமும் இருந்தார். பாயசத்துக்கு இரண்டாவது தடவை இலையில் இடம் பண்ணினார். கைகழுவிய பிறகுதான் பையிலிருந்து கடிதத்தை எடுத்து என் முன்னால் நின்று வாசித்தார். வாகனம் நகர்ந்துவிட்டது. நகர்ந்த வாகனம் வேகக் கோப்பைக்குத் தகுதி இழக்கிறது. கோப்பையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கோப்பை இல்லாதபடியால் நாற்பத்தொன்றாம் விதி இந்த வாகனத்துக்குப் பொருந்தாது. “மூவார் விஷயம் தனியாப் பேசுவோம்” என்று சேர்த்துக்கொண்டார்.

தனலட்சுமி வரவேற்பு மேஜையிலிருந்து கோப்பையை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள். காலையிலிருந்து அதில்தான் சந்தனம் கரைத்து வைத்திருந்தாள். ராஜரத்தினத்தின் கோட்டுக் கை முழுக்கச் சந்தனமாயிற்று.

அவருக்குப் பின்னால் தலைவர் சேதுராமன் நோட்டுப் புத்தகத்தோடு நின்றுகொண்டிருந்தார். கடிதத்தின் அடியில் இருந்த கையெழுத்து அவருடையதுதான். என்னிடம் கையை நீட்டினார். டோக்கனைக் கொடுத்தேன். கோயில் வாசலில் கார் வந்து நின்ற நேரம் கேட்டார். “ஒம்போது பத்து சார்” என்றேன். நோட்டைத் திறந்து, காலையில் எழுதிய எட்டு நாற்பதுக்கு நேரே அதை எழுதினார். எட்டிப் பார்த்தேன். இரண்டு வருஷத்து நோட்டு. புறப்பாடு என்ற பத்தியில் என் வரிக்கு மேலே ஆ லெங்கின் பெயர் மட்டும் இருந்தது. வருகை என்ற பத்தியில் அந்த ஒரு வரியைத் தவிர வேறெதுவும் இல்லை.

அவர் நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். ராஜரத்தினம் சந்தனக் கையைத் துடைக்கத் துணி தேடிப் போகும்வரை காத்திருந்தார்.

“தம்பி,” என்றார் மெதுவாக, “பொண்ணு மாப்பிள்ள திரும்பற வண்டி எத்தனை மணிக்கு?”